தேவகியின் நான்கு பற்கள்

கொழும்பு
பிலவங்க வருடம், மாசி 6 (1788)

பசியாவரத்தில் இருக்கும் அக்கா கோவிந்தம்மாவுக்குத் தம்பி தேசப்பன் எழுதுவது.

இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மாமா கருப்பனையும் தேவகியையும் நான் விசாரித்ததாகச் சொல்லு. இதைப் படித்துக் காட்டும் சாலமன் வாத்தியாருக்கு என் வணக்கம்.

பழவேற்காட்டுக் கோட்டையில் மருந்து அரைத்துக்கொண்டிருந்த என்னை ஒல்லாந்து வைத்தியர் துரை கப்பலேற்றிக் கூட்டிவந்தபோது நீ அழுதாய். இப்போது சிரிக்கலாம். துரைக்குப் பல் வைத்தியத்தில் பெரிய பெயர். பல் பிடுங்குவதை அவர் வித்தையாகவே மதிப்பதில்லை. கோணலாக முளைத்த பல்லைப் பிடுங்காமல் நேராக்குவதுதான் வித்தை. மெல்லிய வெள்ளித் தகட்டைப் பல்வரிசையோடு சேர்த்துப் பட்டு நூலால் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே வந்தால் பல் நகர்ந்துவிடும். நீ நம்பமாட்டாய். நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இதுவரை படித்ததெல்லாம் அடுத்த ஆவணியில் பரீட்சைக்கு வருகிறது. துரைமார் மூவர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். அதற்கு முன் நானாக ஒரு வாயை நேராக்கி, முன்னும் பின்னும் மெழுகில் அச்செடுத்து அவர்கள் முன் வைக்க வேண்டும். வாய்க்கு எங்கே போவேன்? துரைமார் பிள்ளைகள் கறுத்த கையை வாய்க்குள் விடமாட்டார்கள். மற்றவர்கள் என்னைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொள்கிறார்கள். தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பி மாமாவோடு வலை இழுக்க வேண்டியதுதான். அதற்கு இங்கேயே கடலில் குதித்துவிடலாம்.

நம் தேவகிக்கு மேல்வரிசை முன்பல் நான்கும் விசிறி மாதிரி விரிந்து வெளியே நிற்கிறது. அந்த வாயை எனக்குக் கொடு அக்கா. செய்ய வேண்டியதை நான் எழுதி அனுப்புகிறேன், நீ செய்தால் போதும்.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
தேசப்பன்


பசியாவரம்
பிலவங்க வருடம், பங்குனி 2

தம்பி தேசப்பனுக்கு அக்கா கோவிந்தம்மா சொல்ல, சாலமன் எழுதுவது.

என் இடுப்பு வலி இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதற்கு என்னை விட்டால் போக வேறு வீடு கிடையாது. மாமா ஏரியில் இறாலுக்குப் போய்வருகிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே மீன் நம் ஊர் மீன் மாதிரி இருக்குமா?

உன் கடிதத்தை வாத்தியார் சத்தமாகப் படித்தார். தேவகி பக்கத்தில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். விசிறி என்று நீ எழுதிய இடம் வந்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். கோபித்துக்கொண்டு என்ன செய்வது, நீ எழுதியதில் பொய் எது? சுண்ணாம்புக்குளத்திலிருந்து பெண் பார்க்க வந்தவள் வாசலிலேயே நின்று, "பொண்ணு நல்லாத்தான் கீது, வாய்தான் மூட மாட்டேங்குது"ன்னு சொல்லிவிட்டுப் போனாள். தேவகிக்குப் பதினெட்டு ஆகிவிட்டது. அவளோடு விளையாடினவர்கள் எல்லாம் இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறார்கள்.

அக்கா மகளைக் கட்டுகிற முறை உனக்குத்தான் முதலில். நீ என்ன செய்தாய்? கோட்டைக்குப் போனாய், கப்பலேறினாய், அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது வாய் மட்டும் வேண்டும் என்கிறாய். வாயைத் தனியாகக் கழற்றிக் கொடுக்க முடியாது தம்பி, அது பெண்ணோடுதான் வரும். பல் நேரானால் நீயே தாலி கட்டுவாய் என்று எழுதி அனுப்பு. அது வந்த அன்றைக்கே ஆரம்பிக்கிறேன்.

காய்ச்சல் கீய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்.

அக்கா கோவிந்தம்மா


கொழும்பு
பிலவங்க வருடம், பங்குனி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், எல்லோரும் நலம் என்று அறிந்து சந்தோஷம். உன் இடுப்புக்கு இத்துடன் ஒரு தைலம் வைத்திருக்கிறேன். சூடாக்கித் தேய்க்கவும்.

நீ கேட்டதை எழுதுகிறேன். பல் நேராகி, நானும் பரீட்சையில் தேறினால் தேவகி கழுத்தில் நானே தாலி கட்டுவேன். சாலமன் வாத்தியார் இதை ஊரைக் கூட்டிப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மரப்பெட்டியில் மெழுகும், துளையிட்ட வெள்ளித் தகடும், பட்டு நூலும் இருக்கின்றன. முதலில் மெழுகை வெந்நீரில் இளக்கி, தேவகியைக் கடிக்கச் சொல்லி, ஆறினதும் அசையாமல் எடு. அதை உமியில் புதைத்து எனக்கு அனுப்பிவிடு. பிறகு தகட்டைப் பல்லுக்கு உள்பக்கம் வைத்து, நூலைத் துளை வழியாக வாங்கி ஒவ்வொரு பல்லையும் தகட்டோடு கட்டு. வெள்ளிக்கிழமைதோறும் அவிழ்த்து, ஒரு மயிரிழை அளவு கூட்டிக் கட்டு. ஈறு வீங்கினால் அந்த வாரம் சும்மா விடு.

தகடு இல்லாமல் வெறும் நூலைப் பல்லில் கட்டக் கூடாது. ஏன், எதற்கு என்று கேட்காதே, அது படித்தவர்கள் சமாசாரம். கட்டக் கூடாது என்றால் கூடாது.

தேவகி, அழாமல் அம்மா சொன்னபடி கேள். நீ அழகாவது எனக்காக மட்டும் இல்லை, உனக்காகவும்தான்.

தேசப்பன்


பசியாவரம்
கீலக வருடம், வைகாசி 3

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

தைலம் நல்ல தைலம், இரண்டு நாள் குனிந்து நிமிர்ந்தேன். மாமாவுக்குக் கையில் கெளுத்தி முள் குத்தி இப்போது ஆறிவிட்டது. உனக்கு அங்கே மழையா?

முதல் அச்சை முன்பே அனுப்பினேன், வந்திருக்கும். தகடும் கட்டினேன். அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒப்பாரிதான். தகடு நாக்கை அறுக்கிறது என்று ஓர் அழுகை, சோறு மெல்ல முடியவில்லை என்று ஓர் அழுகை. மடவை மீன் குழம்பு வைத்த அன்று தட்டைத் தள்ளிவிட்டாள். கன்னத்தில் ஒன்று வைத்தேன், அடங்கினாள். உன் பட்டு நூலோ வாயில் ஊறி ஊறித் தளர்ந்துவிடுகிறது. நீ சொன்ன மயிரிழைக் கணக்கில் போனால் அவளுக்கு நரைத்த பிறகுதான் கல்யாணம்.

மாமாதான் வழி சொன்னார். "வலையில ஓடுற மீனையே நிறுத்துது நம்ம நூலு, பல்லு இன்னா பெரிசா?"ன்னு கேட்டார். தகட்டை எடுத்து வைத்துவிட்டோம். பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறப்போட்ட வலைநூல் இருக்கிறதே, ஈரம் பட்டால் தானாக இறுகும். அதில் மெல்லியதாக எடுத்து, பல்லோடு பல்லைச் சேர்த்து வலைமுடிச்சு போட்டார். நீ கூடாது என்றாய், தெரியும். ஆனால் நடந்ததைக் கேள். முன்னிரண்டு பல்லுக்கு நடுவே விரல் நுனி போகும் சந்து இருந்ததே, அது பாதி மூடிவிட்டது. நீ படித்ததற்கு எங்கள் முடிச்சு ஒன்றும் குறைச்சல் இல்லை.

பரீட்சைக்கு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

கோவிந்தம்மா


கொழும்பு
கீலக வருடம், வைகாசி 28

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே தினமும் மழை. சளி பிடித்து விட்டது, வேறு ஒன்றுமில்லை. மாமா கை ஆறியது கேட்டு நிம்மதி.

சந்து பாதி மூடியது பெரிய சேதி. என்னோடு பரீட்சைக்கு இருக்கிற மற்ற இருவரும் கட்டின பற்கள் இன்னும் அசையக்கூட இல்லை. துரையிடம் சொன்னேன், அவர் என் முதுகில் தட்டினார். வெள்ளித் தகடு, பட்டு நூல் என்றே அவரிடம் சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

நடக்கிறது நடக்கட்டும். ஆடி முடிவதற்குள் இரண்டாவது அச்சு எனக்கு வேண்டும். பழவேற்காட்டுக் கோட்டை வழியாகத் தேவகியை அதிகம் கூட்டிக்கொண்டு போகாதே.

தேசப்பன்


பசியாவரம்
கீலக வருடம், ஆனி 22

தம்பிக்கு ஆசீர்வாதம். சளிக்கு மிளகு ரசம் வைத்துக் குடி, அங்கே மிளகுக்கா பஞ்சம்?

பல் நாலும் சேர்ந்துவிட்டது தம்பி! தூரத்திலிருந்து பார்த்தால் நம் தேவகியா என்று இருக்கிறது. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை, கரையில் வலை உலர்த்துகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். எல்லாரும் வந்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஒன்று மட்டும் புரியவில்லை. கட்டின நூல் காணாமல் போய்விடுகிறது. இரண்டு நாள் கண்ணுக்குத் தெரிகிறது, அப்புறம் இல்லை. தூக்கத்தில் விழுங்கிவிடுகிறாள் போலிருக்கிறது. அறுந்த வலைக்கு வேறு நூல் போடுவதில்லையா, அப்படி மாமா வேறு நூல் போட்டுக் கட்டுகிறார். இதுவரை நாலு முறை கட்டியாயிற்று. பல் முன்னைவிடக் கொஞ்சம் நீளமாகத் தெரிகிறது, இறங்கி வந்த மாதிரி. நேரானால் அப்படித்தானோ?

தேவகி நன்றாக இருக்கிறாள். பேச்சுதான் குறைந்துவிட்டது, அது பெண்ணுக்கு நல்லதுதானே.

கோவிந்தம்மா

ஐயா, இதற்குக் கீழே உள்ளது அம்மாள் சொல்லாமல் நானாக எழுதுவது. அந்தப் பெண் கஞ்சித் தண்ணீர் தவிர வேறொன்றும் இறக்குவதில்லை. ஈறு கறுத்துச் சீழ் கட்டியிருக்கிறது, அருகே உட்கார முடியாத வாடை. கோட்டை வைத்தியரிடம் காட்டலாமா? உடனே பதில் எழுதவும். சாலமன்.


கொழும்பு
கீலக வருடம், ஆடி 10

அக்காவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதம் கண்டதும் மெழுகில் அச்செடுத்து அனுப்பு. ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதே. இனிப் புது நூல் கட்ட வேண்டாம். பழைய நூலைப் பற்றி யோசிக்க வேண்டாம். பல் நீளமாகத் தெரிவது உன் கண் பழகாததால்.

கோட்டை வைத்தியரிடம் காட்டவே கூடாது. அவருக்கு இந்த வித்தை தெரியாது, கைவைத்தால் எல்லாம் கெட்டுப்போகும். என் மேல் பொறாமையும் உண்டு. சாலமன் வாத்தியார் நீ சொல்வதை மட்டும் எழுதினால் போதும். வைத்தியம் பார்க்க நான் இருக்கிறேன்.

தேசப்பன்


பசியாவரம்
கீலக வருடம், ஆடி 30

தம்பிக்கு ஆசீர்வாதம்.

எங்கள் எல்லோருக்கும் சுகம். என் இடுப்பு வலி மறந்தே போய்விட்டது.

நீ கேட்ட அச்சு இத்துடன் வருகிறது. மெழுகை எடுக்கும்போது கொஞ்சம் சிரமப்பட்டோம். ஓரத்தில் கறை இருந்தால் துடைத்துக்கொள். நான்கு பல்லும் வரிசையாகப் பதிந்திருக்கிறது, பார், உனக்கே தெரியும்.

தேவகி சுகம். எல்லாம் நேராகத்தான் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் நேரே கப்பலேறி வா. தாலிக்கு நாள் பார்க்கச் சொல்லியாயிற்று. சொன்ன சொல் மாறமாட்டாய் என்று மாமா எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

வழியில் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

கோவிந்தம்மா


கொழும்பு
கீலக வருடம், ஆவணி 26

அன்புள்ள அக்கா, மாமா, தேவகி, எல்லோருக்கும்,

தேறிவிட்டேன்! உடம்பு மனசு எல்லாம் ஆனந்தம். நீங்களும் இதைக் கேட்டு ஆளுக்கொரு வயது குறைந்திருப்பீர்கள்.

இரண்டு அச்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். மூன்று துரைமாரும் மாறி மாறிக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். இத்தனை சீக்கிரத்தில் இத்தனை நேராக ஒருவரும் செய்ததில்லை என்றார்கள். பிறகு கேள்விகள். மற்ற இருவரும் திணறின கேள்வி ஒன்று உண்டு. கட்டின நூல் வாயில் காணாமல் போனால் என்ன அர்த்தம் என்று கேட்டார் மூத்தவர். ஒருவன் அறுந்துவிட்டது என்றான், இன்னொருவன் விழுங்கிவிட்டார்கள் என்றான். நான் யோசிக்கவே இல்லை. "நூல் எங்கும் போகவில்லை, வழுக்கி ஈறுக்குள் ஏறிவிட்டது, வேரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது; அன்றைக்கே கீறி எடுக்காவிட்டால் பல் நீண்டு, ஆடி, விழுந்துவிடும். தகடு இல்லாமல் கட்டுகிறவர்களுக்கு இப்படி நேரும்" என்றேன். மூத்தவர் எழுந்து நின்று என் கையைக் குலுக்கினார். அக்கா, நீ பார்த்திருக்க வேண்டும்.

பழவேற்காட்டுக் கோட்டையிலேயே எனக்குப் பல் வைத்தியர் உத்தியோகம் சொல்லியிருக்கிறது. கோட்டைத் துரைசானியின் மகளுக்குப் பல் கோணலாம். அந்த அம்மாள் தேவகியின் வாயை நேரில் பார்த்த பிறகுதான் மகளை என்னிடம் விடுவாளாம், உத்தியோகமும் அப்புறம்தான். நான் இறங்கினதும் தேவகியைக் குளிப்பாட்டி நல்ல சேலை கட்டிக் கோட்டைக்கு அழைத்து வா. வாயைத் திறந்து காட்டினால் போதும், பேச வேண்டாம்.

தாலி விஷயத்துக்கு அவசரம் இல்லை. உத்தியோகத்தில் அமரப் போகிறவன் நாலையும் யோசிக்க வேண்டும். தேவகிக்கு இனி மாப்பிள்ளைக்கா குறை, பல்தான் நேராகிவிட்டதே.

புரட்டாசிக் கடைசியில் கரை இறங்குகிறேன்.

தேசப்பன்
பல் வைத்தியர்


பழவேற்காடு
கீலக வருடம், புரட்டாசி 24

மாமாவுக்கு, தேவகி சொல்ல சாலமன் வாத்தியார் எழுதுவது.

பிரயாணத்தில் உங்கள் உடம்புக்கு ஒன்றும் நேரவில்லையே? எங்களில் யாருக்கும் காய்ச்சல் இல்லை. நான் சொல்வது வாத்தியாருக்குப் பல இடங்களில் விளங்கவில்லை. மறுபடி மறுபடி சொல்லச் சொல்லி எழுதுகிறார், அதனால் நேரமாகிறது. நீங்கள் தோணியிலிருந்து இறங்கும் துறையிலேயே இதைக் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை வாத்தியார் படிக்கும்போது எல்லோரும் இருந்தோம். நூலைப் பற்றிய கேள்வியும் உங்கள் பதிலும் வந்த இடத்தில் அவர் நிறுத்திவிட்டார். அம்மா, "இன்னொருவாட்டி படி வாத்தியாரே"ன்னு சொன்னாள். படித்தார். "அப்போ நூலு காணலைன்னு நாம எழுதினப்பவே அவனுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டாள். நைனா எழுந்து ஏரிக்கரைக்குப் போய்விட்டார். முடிச்சு போட்டது அவர் கை. அதற்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

அம்மா உங்களுக்கு எழுதாததை நான் சொல்கிறேன். இரண்டாவது அச்செடுத்த அன்று மெழுகோடு இரண்டு பல் வந்துவிட்டன. நான் கத்தினேன். அம்மா என் வாயில் துணியை அடைத்துவிட்டு, அந்தப் பற்களை ஊசியால் மெழுகிலிருந்து நெம்பி எடுத்தாள். குழி கலையாமல் எடுக்க வேண்டுமே என்றுதான் அவளுக்குக் கவலை. நீங்கள் தாலி கட்டிவிட்டால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். துரைமார் கையில் எடுத்துப் பார்த்து மெச்சினது என் வாயில் இல்லாத பற்களை. மற்ற இரண்டும் கஞ்சி குடிக்கும்போது விழுந்தன. ஈறிலிருந்து நூல் வந்தது, நான்கு சுற்றும் வந்தது. முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை.

நீங்கள் வந்ததும் என்னைக் கோட்டைக்கு அழைத்து வரச் சொல்லியிருந்தீர்கள். அதுவரை காத்திருக்கவில்லை. குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, வாத்தியாரோடு நானே போனேன். துரைசானி மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். சின்னப் பெண், பல் என்னுடையதைப் போலவே விரிந்திருக்கிறது. நான் வாயைத் திறந்தேன். அந்தப் பிள்ளை அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. யார் செய்தது என்று துரைசானி கேட்டாள். வாத்தியாருக்குத்தான் ஒல்லாந்து பாஷை தெரியுமே, உங்கள் கடிதங்களை எல்லாம் ஒன்று விடாமல் அவளுக்கு அவர்கள் பாஷையில் சொன்னார். உங்களுக்குக் கோட்டையில் உத்தியோகம் இல்லை. வாசலில் காவல்காரனிடம் உங்கள் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறார்கள், போய் நிற்க வேண்டாம். கொழும்புக்கும் எழுதிவிட்டார்கள்.

ஊர்ப் பஞ்சாயத்தும் கூடியது. ஊரைக் கூட்டிப் படித்தாலும் ஆட்சேபணை இல்லை என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, கூட்டித்தான் படித்தார்கள். பல் நேரானது என்று நீங்களே பரீட்சையில் காட்டித் தேறியிருக்கிறீர்கள், அதனால் சொன்ன சொல் நிற்கும் என்று ஊர்த்தலைவர் நாட்டார் தீர்ப்புச் சொன்னார். இறங்கின வாரத்தில் தாலி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ஏரியைச் சுற்றி எந்தக் குப்பத்திலும் உங்களுக்குத் தண்ணீரும் நெருப்பும் கிடையாது, எந்தத் தோணியும் உங்களை ஏற்றாது.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கட்டிக்கொள்கிறேன் என்றுதான் சொல்லியிருப்பேன். நைனா படகில் வலை இழுக்க ஓர் ஆள் குறைகிறது, இடம் உங்களுக்காகக் காலியாக இருக்கிறது. நீங்கள் கரையேறி வந்ததும் நான்தான் சோறு போடுவேன், எதிரில்தான் உட்காருவேன். சின்ன வயதிலிருந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள் நான். இனிப் பொத்தப் போவதில்லை, நீங்கள் சாப்பிட்டு முடிக்கிறவரை சிரித்துக்கொண்டே இருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மாமா. நீங்கள் நெடுநாள் இருக்க வேண்டும்.

தேவகி